மழை பெய்யாத நாளும் மழை அளக்காத நாளும்
சிதறிக் கிடக்கும் மழைக் கணக்கைக் கணனியில் ஒன்றுசேர்ப்பது பற்றி ஒரு விளக்கம்

கொட்டாஞ்சேனையில் மகளோடு தங்கியிருக்கும் வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதியின் பிரதி, பழைய பங்கீட்டு அட்டை, மகனின் கடிதம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் நாலு ஏக்கர் மானாவாரி வயலை விட்டு 2008இல் வெளியேறியவர். இப்போது மகன் காலபோகத்துக்கு அங்கே போய் விதைக்க விரும்புகிறார். செலவுக்கு மருமகளின் நகையை ஈடு வைக்க வேண்டும்.

"பாதர், நான் அங்கை இல்லாத வருசங்களிலை மழை எப்பிடிப் பெய்தது? முந்திப் புரட்டாதிக் கடைசியிலை விதைச்சுப்போட்டு மழைக்குப் பாத்துக்கொண்டிருப்பம். இப்பவும் அது சரிவருமோ? எல்லாம் கணனியிலை இருக்குதெண்டு பெடியள் சொல்லுறாங்கள்" என்று கேட்டார்.

பெடியள் சொல்வது உண்மைதான். கணனியில் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில், ஒரே ஒழுங்கில் இல்லை. வெள்ளவத்தையில் கணனி படித்த இளைஞர் ஒருவரின் உதவியோடு அதனைச் சேர்த்துப் பார்க்க முயன்றோம். அப்போது கற்றுக்கொண்டவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் ஏனைய குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். கணனியைத் தொடாதவர்களும் இதனை வாசிக்க வேண்டும். ஏனெனில் வறட்சி நிவாரணம், பயிர்க் காப்புறுதி, குளப் புனரமைப்பு ஆகியவை பற்றிய முடிவுகள் இனிமேல் இத்தகைய கணக்குகளின் மீதே அதிகமாக எடுக்கப்படும்.

மழைக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

இலங்கையில் ஒழுங்காக மழை அளக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தொடங்கியது. இன்று இதற்குப் பொறுப்பான வளிமண்டலவியல் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. அவதானிப்பு நிலையங்களில் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்திய 24 மணித்தியாலத்தில் விழுந்த மழையை மில்லிமீற்றரில் எழுதுகிறார்கள்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு அது ஏறத்தாழ 4,047 லீற்றர். ஆகவே 50 மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கர் வயலுக்கு இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர் கொடுக்கிறது.

ஆனால் மழைமானி ஒன்று, தான் நிற்கும் இடத்தின் மழையை மட்டுமே சொல்லும். எங்கள் வயலுக்குப் பக்கத்தில் மழைமானி இல்லாமல் இருக்கலாம். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் அவதானிப்பு மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் தடைப்பட்டது. மக்கள் ஓடிய வேளையில் மழைமானியைப் பார்க்க யார் இருந்தார்கள்? எங்கள் இடப்பெயர்வின் தடம் மழைப் பதிவேட்டிலும் வெறும் பக்கங்களாக இருக்கிறது.

கட்டத் தரவு என்றால் என்ன?

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக விஞ்ஞானிகள் வேறொரு முறையைக் கையாளுகிறார்கள். வரம்பு கட்டி வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோல, பூமியின் மேற்பரப்பை அகலக்கோடு, நெடுங்கோடுகளால் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு மழை அளவு கொடுக்கிறார்கள். சில கட்டத் தரவுகள் மழைமானிகளை மட்டும் வைத்துக் கணிக்கப்படுகின்றன. சில செய்மதிப் படங்களை வைத்து. சில இரண்டையும் கலந்து.

எங்கள் பிரதேசத்துக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் சாந்தா பார்பரா நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் தயாரிக்கும் 'சிர்ப்ஸ்' தரவு 1981 முதல் உண்டு. அதன் கட்டம் 0.05 பாகை, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர். மேகங்களைச் செய்மதியால் பார்த்து, கிடைக்கும் மழைமானிக் கணக்கோடு சேர்த்து அதனைத் தயாரிக்கிறார்கள். யப்பானியரின் 'அப்ரோடைட்டி' தரவு 1951இலிருந்து ஆசியாவின் மழைமானிகளைக் கொண்டு 0.25 பாகைக் கட்டத்தில் செய்யப்பட்டது. நாசாவின் 'ஐமேர்ஜ்' அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 0.1 பாகைக் கட்டத்தில் மழையைக் கணிக்கிறது.

இந்திய வளிமண்டலவியல் திணைக்களமும் 1901 முதல் 0.25 பாகைக் கட்டத்தில் தினசரி மழைக் கணக்கு வைத்திருக்கிறது. அதன் சட்டம் வட அகலக்கோடு 6.5 பாகையிலிருந்து தொடங்குவதால் எங்கள் தீவின் பெரும்பகுதி அதற்குள் விழுகிறது. ஆனால் அது இந்திய நிலத்துக்கு மட்டுமான கணக்கு. இலங்கை மேல் விழும் கட்டங்களில் மழை அளவு இல்லை. 'தரவு இல்லை' என்பதற்கு அடையாளமாகக் கழித்தல் 999 என்ற எண்ணே இருக்கிறது. இதனை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

ஏன் ஒன்றுசேர்க்க வேண்டும்?

இந்தக் கணக்குகள் பல துண்டுகளாகவே கிடைக்கின்றன. ஐமேர்ஜ் கோப்புகள் அரை மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 48. ஒரு வருடத்துக்கு 17,520. சிர்ப்ஸ் தினசரிக் கணக்கை வருடத்துக்கு ஒரு கோப்பாக எடுக்கலாம். ஆனால் அதில் உலகின் பெரும்பகுதி அடங்கியிருப்பதால் ஒவ்வொரு நாளுக்கும் 1 கோடியே 44 இலட்சம் கட்டங்கள் உண்டு.

எனவே முதலில் வெட்ட வேண்டும். பிறகு ஒட்ட வேண்டும். நாம் கிழக்கு நெடுங்கோடு 79.5 முதல் 82 வரையும், வடக்கு அகலக்கோடு 5.5 முதல் 10 வரையும் வெட்டி எடுத்தோம். முழு இலங்கையும் அதற்குள் வந்துவிடும். 50 நிரல், 90 நிரை. மொத்தம் 4,500 கட்டங்கள். பழைய கணனியும் இதனைத் தாங்கும்.

ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காலத்தால் ஒட்டுவது. 1981ஆம் ஆண்டுக் கோப்பின் பின்னால் 1982, அதன் பின்னால் 1983 என்று, கொப்பிகளை வரிசையாகக் கட்டுவது போன்றது. மற்றது, பொருளால் ஒட்டுவது. ஒரே நாளுக்கு, ஒரே கட்டத்துக்கு, மழையையும் வெப்பத்தையும் பக்கம் பக்கமாக வைப்பது. எது தேவை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கோப்புகள் 'நெற் சி.டி.எவ்' என்ற வடிவத்தில் வருகின்றன. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் உருவான இந்த வடிவத்தின் சிறப்பு என்னவென்றால், எண்களோடு அவற்றின் விபரமும் கோப்புக்குள்ளேயே இருக்கும்: என்ன அளவு, எந்த அலகு, எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது, வெற்றிடத்துக்கு எந்த அடையாளம் என்பன. நெல் மூட்டையில் இன்ன இனம், இன்ன போகம் என்று துண்டு கட்டித் தைப்பது போன்றது இது. துண்டை வாசியாமல் மூட்டையைக் கலப்பவன் விதைநெல்லையும் சோற்று நெல்லையும் கலந்துவிடுவான்.

இவற்றை வெட்டவும் ஒட்டவும் இலவசக் கருவிகள் உண்டு. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வளிமண்டலவியல் நிறுவகத்தினர் உருவாக்கிய 'சி.டி.ஓ.' அவற்றுள் ஒன்று. 'பைதன்' மொழியில் 'எக்ஸ்-அரே' என்பது இன்னொன்று. கணனி கற்கும் உங்கள் பிள்ளைகள் சில வாரங்களில் இவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

தவறு நேரும் இடங்கள்

கருவி கேள்வி கேட்காது; கொடுத்ததை ஒட்டிவிடும். அகதி முகாம்களில் பட்டியல்கள் சேர்க்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு குடும்பம் இரண்டு பட்டியலில் இருக்கும். இன்னொரு குடும்பம் எதிலும் இராது. ஒருவரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பட்டியல் முழுமையாகத் தெரியும், ஆனால் நிவாரண வரிசையில் நிற்கும்போதுதான் பிழை தெரியவரும். மழைக் கோப்புகளிலும் அப்படியே. கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. வெற்றிடமும் பூச்சியமும். எமக்கு நேர்ந்த பெரிய தவறு இதுதான். இளைஞர் முதலில் சேர்த்த அட்டவணையில் சில வருடங்களின் மொத்த மழை, பூச்சியத்துக்கும் கீழே கழித்தல் எண்ணாக வந்தது. அளவு இல்லாத நாட்களுக்கு இடப்பட்டிருந்த கழித்தல் 999 என்ற அடையாளத்தைக் கணனி மழையாகக் கூட்டிவிட்டது. இதனைத் திருத்துகிறேன் என்று அவர் அந்த இடங்களில் எல்லாம் பூச்சியம் போட்டார். இப்போது அட்டவணை ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் யுத்த வருடங்கள் எல்லாம் கடும் வறட்சியாகத் தோன்றின.

பெரியவர் பார்த்த உடனேயே சொன்னார்: "இது பிழை தம்பி. அந்த வருசம் தறப்பாளுக்குள்ளை முழங்கால் தண்ணியிலை நிண்டனாங்கள்." மழை பெய்யாத நாள் வேறு, மழையை எவரும் அளக்காத நாள் வேறு. முதலாவதற்குப் பூச்சியம், இரண்டாவதற்கு வெற்றிடம். ஒரு மாதத்தில் பத்து நாள் அளக்கப்படாமல் மற்ற இருபது நாளில் 200 மில்லிமீற்றர் என்றால், அந்த மாத மழை 200 என்று எழுதுவது பொய்க் கணக்கு. அடையாள எண் எல்லாக் கோப்பிலும் ஒன்றல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. இந்தியத் திணைக்களத்தின் ஒரு பாகை வெப்பநிலைக் கோப்பில் அது 99.9. ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.

2. அலகு. எங்கள் கணக்கு மில்லிமீற்றரில். ஐரோப்பிய நிலையத்தின் 'ஈ.ஆர்.ஏ. 5' தரவில் மழை மீற்றரில் இருக்கும், அங்கே 0.05 என்றால் இங்கே 50 மில்லிமீற்றர். ஐமேர்ஜ் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லும். ஒரு அரை மணிக் கோப்பில் 10 என்றிருந்தால், அந்த அரை மணியில் விழுந்தது 5. பழைய கொப்பிகளில் அங்குலம் இருக்கும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர்.

3. நாள் எப்போது தொடங்குகிறது? மழைமானியின் நாள் காலை 8.30க்கு முடிகிறது. செய்மதித் தரவின் நாள் பெரும்பாலும் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும். அது எமக்குக் காலை 5.30. செவ்வாய் இரவு 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி ஓய்ந்த மழை, செய்மதிக் கணக்கில் செவ்வாயில் விழும். புதன் காலை அளந்து அன்றைய திகதியில் எழுதினால் புதனில் விழும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியும்.

எங்கள் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளினார்கள். 2006 ஏப்ரிலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அக்காலத்தில் வன்னியில் பழைய நேரமே வழக்கில் இருந்தது. ஓமந்தையைக் கடக்கும்போது மணிக்கூட்டைத் திருத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். மணித்தியாலக் கணக்குகளைச் சேர்ப்பவர்கள் அந்தப் பத்து வருடங்களில் இதனையும் கவனிக்க வேண்டும்.

4. திசை. சில கோப்புகள் தெற்கிலிருந்து வடக்காக எழுதப்பட்டிருக்கும். சில வடக்கிலிருந்து தெற்காக. கவனியாமல் ஒட்டினால் யாழ்ப்பாணத்து மழை மாத்தறையில் விழும். தெரிந்த ஓர் இடத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. மேற்கு மலைச்சரிவில் அதிக மழையும் மன்னாரில் குறைந்த மழையும் தெரிந்தால் படம் நேராக இருக்கிறது.

5. திகதி எண்ணிக்கை. 1981 தொடக்கம் 2020 முடிய 40 வருடங்கள். அவற்றுள் லீப் வருடங்கள் 10. ஆகவே சேர்த்த கோப்பில் 14,610 நாட்கள் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு கோப்பு விடுபட்டிருக்கிறது. கூடினால் ஒன்று இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது. எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் சில மாதிரிகளில் வருடத்துக்கு 365 நாள் மட்டுமே உண்டு. சிலவற்றில் எல்லா மாதமும் 30 நாள். அவற்றை மெய்யான நாட்காட்டியோடு நேரடியாக ஒட்ட முடியாது.

6. கட்ட அளவு. 0.25 பாகைக் கட்டம் ஒன்றுக்குள் 0.05 பாகைக் கட்டங்கள் 25 அடங்கும். இரண்டையும் சேர்ப்பதானால் சிறியவற்றைச் சராசரி எடுத்துப் பெரிதாக்கலாம். பெரியதை 25 துண்டாக வெட்டினால் புதிதாக எதுவும் தெரியவராது. ஒரே எண் 25 தடவை எழுதப்படும், அவ்வளவுதான்.

ஒழுங்காக வைத்திருத்தல்

சேர்ப்பதைவிட ஒழுங்காக வைத்திருப்பது முக்கியம். எடுத்த கோப்புகளை ஒரு கோப்புறையில் அப்படியே வைத்து, அவற்றில் கை வைக்காதீர்கள். வெட்டியவை, ஒட்டியவை எல்லாம் வேறு கோப்புறையில் இருக்கட்டும். பெயரை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் கணனி தானாகவே காலவரிசைப்படுத்தும். மாதத்தை 1 என்று எழுதாமல் 01 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் 10ஆம் மாதம் 2ஆம் மாதத்துக்கு முன் வந்துவிடும்.

எங்கிருந்து, எந்தத் திகதியில், எத்தனையாம் பதிப்பை எடுத்தோம், என்ன செய்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஐமேர்ஜ் ஆறாம் பதிப்பில் பாதியும் ஏழாம் பதிப்பில் பாதியும் எடுத்து ஒட்டினால், நடுவில் தெரியும் மாற்றம் மழையின் மாற்றமல்ல, கணிக்கும் முறையின் மாற்றமாக இருக்கலாம். அளந்த மழையும் செய்மதி கணித்த மழையும் ஒரே நிரலில் கலக்கக் கூடாது. இரண்டு நிரலில் வைக்க வேண்டும்.

இது எமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

0.25 பாகைக் கட்டம் ஒன்று எழுநூறு சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான நிலம். அதற்கு ஓர் எண்தான். உங்கள் குளக்கட்டின் இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாத மழையை அது அறியாது. மேலும், மழைமானி இல்லாத கட்டத்துக்குரிய எண் தூரத்து மழைமானிகளிலிருந்து நீட்டிக் கணித்ததாக இருக்கும். ஜேர்மனியிலுள்ள உலக மழைவீழ்ச்சி நிலையத்தின் தரவில், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மழைமானி இருந்தது என்ற எண்ணும் கூடவே தரப்படுகிறது. மழை எண்ணைப் பார்க்கும்போது அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

ஏன் இதனை அழுத்திச் சொல்கிறேன்? இந்தியாவில் 2016 முதல் மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்புறுதி உண்டு. அதில் வயலைப் பார்த்தல்ல, மழைக் கணக்கு போன்ற வானிலை அளவுகளைப் பார்த்தே இழப்பீடு தீர்மானிக்கப்படுகிறது. எங்கள் நாட்டிலும் இத்தகைய காப்புறுதி முயற்சிகள் நடந்துள்ளன. அப்படி ஒரு திட்டத்தில் சேரும்படி கேட்கப்பட்டால், கையெழுத்து வைக்க முன் இவற்றைக் கேளுங்கள்: எங்கள் வயலுக்கு எந்த மழைமானி, அல்லது எந்தக் கட்டம்? அது எவ்வளவு தூரம்? எந்த வருடங்களின் சராசரியோடு ஒப்பிடுகிறீர்கள்? அவற்றுள் அளக்கப்படாத வருடங்கள் எத்தனை? அவற்றுக்கு என்ன எண் போட்டீர்கள்? வெற்றிடங்கள் பூச்சியமாக்கப்பட்டிருந்தால் சராசரி குறைந்துவிடும். சராசரி குறைந்தால் உண்மையான வறட்சியும் வழமையான மழைபோலத் தோன்றும். நட்டம் கமக்காரனுக்கே.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மழைமானி வைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான சுவருள்ள, தட்டையான அடியுடைய பாத்திரம் போதும். அகலம் எவ்வளவு என்பது பொருட்டல்ல. மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும், அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதி, பாத்திரத்தைக் கவிழ்த்து மீண்டும் வையுங்கள். மழை இல்லாவிட்டால் 0 என்று எழுதுங்கள். அளக்கத் தவறினால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். பத்துக் கிராமங்களில் இப்படிப் பத்துக் கொப்பி இருந்தால், கணனிக் கட்டத்தைச் சரிபார்க்க எம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கும்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். திருத்திய கணக்கில் அவருடைய வயல் விழும் கட்டத்தை எடுத்து, ஒவ்வொரு வருடமும் விதைப்பு மழை எப்போது நிலைத்தது என்று வரிசைப்படுத்திக் காட்டினோம். அளந்த வருடங்களை நீல மையால் எழுதினோம். செய்மதி மட்டும் சொன்ன வருடங்களைப் பென்சிலால் எழுதினோம். எல்லா வருடமும் ஒரே கிழமையில் மழை நிலைக்கவில்லை. "அப்ப எல்லாத்தையும் ஒரே நாளிலை விதைக்கக் கூடாது" என்றார் அவர். மகனோடு தொலைபேசியில் கதைத்து, ஈர்க்க வேண்டிய நகையில் பாதியை மட்டும் ஈடு வைத்து, இரண்டு ஏக்கரை முதலில் விதைப்பதென்றும், மழையைப் பார்த்து மற்ற இரண்டையும் விதைப்பதென்றும் தீர்மானித்தார்கள்.

போகும்போது அந்த அட்டவணையின் பிரதியை மடித்து, காணி உறுதியோடு அதே பைக்குள் வைத்துக்கொண்டார். மகனுக்கு அனுப்ப ஓர் அப்பியாசக் கொப்பியும் அடிமட்டமும் வாங்கிப் போனார்.